கூரைக்கு ஏறுகிறது யார்? சக்கர வீடுகளைக் கழுவிய கைகளின் கதை

போன மாசம் ஒரு பின்னேரம் ஜேர்மனியில் இருக்கிற அண்ணா வீடியோ கோல் எடுத்தார். பெரியம்மாவின் மகன். கைபேசியை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு, அலுமினிய ஏணி ஒன்றின் மேல்படியில் நின்றபடி, நீளப்பிடி போட்ட பிரஷால் வெள்ளைக் கூரை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, ஆற்றையோ வீட்டுக் கூரையில ஏறி நிக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“வீட்டுக் கூரைதான் பிள்ளை. ஆனா இந்த வீட்டுக்குக் கீழ ரயர் இருக்கு.”

மோட்டார்ஹோம் வாடகைக்குக் கொடுக்கிற இடமொன்றில் அவருக்கு வேலை. விடுமுறைக்குக் கொண்டுபோன ஆட்கள் திருப்பித் தந்ததும், அடுத்த ஆட்கள் வருவதற்கு முதல் வண்டியைப் புதுசு போல ஆக்கிவைக்க வேண்டும். “உள்ளுக்குக் கூட்டித் துடைக்கிறது பெரிய வேலையில்லை. வெளியில, அதுவும் கை எட்டாத இடங்களிலதான் சீவன் போகுது” என்றவர், கைபேசியைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். கூரை யன்னலின் விளிம்பு. சூரியத் தகட்டுக்கும் கூரைக்கும் இடையில் இருக்கிற இரண்டு விரல் இடைவெளி. சுருட்டி வைக்கிற வெயில் மறைப்பின் மேற்பக்கம். மழைத்தண்ணி ஓடுகிற பீலி. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற காற்றுச் சல்லடை. எல்லாவற்றிலும் பாசி, மரப்பால், செத்த பூச்சி, கரி.

அவர் வைத்த பிறகும் அந்தக் கூரை என் மண்டைக்குள்ளேயே நின்றது. வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் ஆசை நூற்றைம்பது வருசத்துக்கும் பழையது. அந்த ஆசையைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கு, படங்கள் இருக்கு. அந்த வீடுகளின் வெளிப்புறத்தை, கை எட்டாத மூலைகளை, இவ்வளவு காலமும் ஆர் கழுவினது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு சரித்திரம் தட்டுப்படுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எல்லாம் தோலில்

முதலில், மோட்டார்ஹோமைக் கழுவுவது ஏன் காரைக் கழுவுவது போல இல்லை என்று விளங்கிக்கொள்வோம்.

எங்கள் வீடுகளில் புகைக்கூடு ஒரு பக்கம், தண்ணித் தாங்கி ஒரு பக்கம், மலசலகூடக் குழி பின்வளவில். மோட்டார்ஹோமில் இது எல்லாமே ஒரே தோலில் வந்து முட்டுகின்றன. தண்ணீர் நிரப்புகிற வாய், கழிவு வெளியேறும் குழாய், வெந்நீர் அடுப்பின் புகைவாய், காற்றுச் சல்லடை, ஏணி, விளக்கு, அன்ரெனா என்று ஒவ்வொன்றுக்கும் சுவரிலோ கூரையிலோ ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பிலும் தண்ணி உள்ளே போகாமல் இருக்கப் பூசின பசை. ஊத்தை போய் ஒதுங்குவதும் அந்த விளிம்புகளில்தான்.

இந்த வண்டிகளில் பலவற்றில் இருக்கிற குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 இல் சுவீடனில் பல்த்சார் வொன் பிளாற்றன், கார்ல் முன்ரேஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறையில் அது வேலை செய்கிறது. சூட்டைக் கொடுத்துக் குளிரை எடுக்கிற முறை. அசைகிற பாகம் இல்லை, சத்தம் இல்லை, மின்சாரம் இல்லாத இடத்தில் சிறிய எரிவாயுச் சுவாலையே போதும். ஆனால் அந்தச் சூடு வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் வண்டியின் பக்கச் சுவரில் சல்லடை. அதற்குள் குளவி கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும், றோட்டுத் தூசு படியும். சல்லடை அடைத்தால் பெட்டி குளிராது. அடைப்பை எடுக்கிறேன் என்று வேகமாகத் தண்ணீர் பீச்சினால் உள்ளே இருக்கிற வயர்களும் சுவாலைக் குழாயும் நனைந்து போகும். மெல்லிய பிரஷும் பொறுமையும்தான் வழி.

கூரைக் கதை இன்னும் மோசம். பல வண்டிகளின் கூரையில் றப்பர் விரிப்பு ஒட்டியிருக்கும். வெயில் பட்டுப்பட்டு அது வெள்ளை மாவாக உதிரும். மழை வந்தால் அந்த மாவும் தூசும் கரைந்து சுவர் வழியே கறுத்த கோடாக வழியும். சுவரில் அழுகிற கண் மை போல. சுவரை எத்தனை தரம் துடைத்தாலும் கூரையைக் கழுவாவிட்டால் அடுத்த மழைக்கு அதே கோடு திரும்ப வரும். பெற்றோல் கலந்த திரவத்தால் தேய்த்தால் றப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பீலி அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் விளிம்புப் பசை விடும். பசை விட்டால் சுவருக்குள் இருக்கிற மரம் உக்கும். வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. ஒருநாள் சுவரை அமத்திப் பார்க்க, நனைந்த பாண் போலக் கையோடு உள்ளே போகும்.

ஆக, கை எட்டாத இடத்தைக் கழுவுவது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த வீடு வீடாக இருப்பதற்கே அது தேவை. இவ்வளவு முக்கியமான வேலையை ஆர் செய்தார்கள் என்பதை ஏன் ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் கேள்வி.

வாளிக்கு வாளி வேறு

ஐரோப்பாவில் சக்கர வீட்டை வாழ்வாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் ரோமா மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்களின் வழிவந்தவர்கள் என்பதை அவர்களின் மொழியே சொல்கிறது. தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘பானி’.

இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ரோமாக் குடும்பங்கள் ‘வார்டோ’ என்ற குதிரை வண்டி வீடுகளில் வாழத் தொடங்கின. வெளிப்புறம் முழுக்க மரச் செதுக்கல். பூ, கொடி, குதிரைத் தலை. அதன்மேல் கடும் நிறங்களும் வசதியுள்ளவர்களிடம் தங்கத் தகடும். தூசு தங்குவதற்கென்றே செய்தது போன்ற ஆயிரம் பள்ளங்கள். அதைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலை அந்தக் குடும்பத்தின் கைகளில்தான் இருந்தது.

அவர்களிடம் சுத்தம் பற்றிக் கடுமையான ஒழுங்கு ஒன்று இருந்தது. பாத்திரம் கழுவுகிற வாளியில் உடுப்புத் தோய்க்கக்கூடாது. உடல் கழுவுகிற வாளியில் சாப்பாட்டுச் சாமான் படக்கூடாது. மாறிவிட்டால் அது ‘மொக்கடி’, தீட்டு. சமையல் பெரும்பாலும் வண்டிக்கு வெளியே. மலசலகூடத்தை வண்டிக்குள் வைப்பதை அவர்களால் நினைத்தே பார்க்க முடியாது. உள், வெளி என்ற கோட்டை அவ்வளவு கவனமாகக் காத்தார்கள். ரோமா வாழ்வை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூடித் ஓக்லி 1983 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினார். வெளியார் ‘ஊத்தை’ என்று சொன்ன அதே மக்கள், வெளியாரைப் பார்த்துத்தான் ‘இவர்களுக்குச் சுத்தம் தெரியாது’ என்று நினைத்தார்கள். ஒரே வாளியில் எல்லாவற்றையும் கழுவுகிறார்கள் என்று.

இந்த இடத்தில் எங்களுக்கும் கொஞ்சம் குத்த வேண்டும். சுத்தம், தீட்டு என்ற சொற்களை வைத்து ஆரை எங்கே நிற்பாட்டினோம் என்ற கதை எங்கள் ஊர்க் கிணற்றடிகளிலும் இருக்கு.

பணியாள் இருந்த காலம்

1885 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஒருவர், ரோமாக்களின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, தனக்கென்று ஒன்று செய்வித்தார். பெயர் கோர்டன் ஸ்ரேபிள்ஸ். பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராக இருந்து, பிறகு சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். பிரிஸ்டலில் இருந்த வண்டித் தொழிற்சாலை ஒன்று செய்துகொடுத்த அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘வாண்டரர்’, அலைபவன். இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் ட்வைபோர்டிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். 1886 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே 1,300 மைல் என்று இருக்கு. உல்லாசத்துக்காகக் கரவனில் போகும் வழக்கத்தின் தொடக்கமாக இன்றைக்கும் அந்தப் பயணத்தைத்தான் சொல்கிறார்கள்.

அவர் தனியாகப் போகவில்லை. குதிரையைப் பார்க்க ஒரு வண்டிக்காரர். வீட்டு வேலை பார்க்க ஒரு பணியாள். அந்தப் பணியாள் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னே போய், ஒடுக்கமான வளைவுகளில் எதிரே வாகனம் வருகிறதா என்று பார்த்தும் சொல்ல வேண்டும். மெருகேற்றிய மரச் சுவர் கொண்ட வண்டி அது. அந்தக் காலத்து வார்னிஷ் மிக மென்மையானது. சேறு காய்ந்து ஒட்டினால் மினுக்கம் போய்விடும். உரசித் தேய்த்தால் கீறல் விழும். காய முதல் நிறையத் தண்ணி ஊற்றி, பஞ்சால் ஊறவைத்து எடுத்து, மென்தோலால் ஒற்ற வேண்டும். சக்கர ஆரைகளுக்கு இடையில், அச்சுக்குப் பின்னால், படிக்குக் கீழே எல்லாம் குனிந்தும் படுத்தும் செய்கிற வேலை. குதிரை வண்டி வைத்திருந்த எந்தச் சீமான் வீட்டிலும் இது லாயத்து ஆட்களின் அன்றாடக் கடமை.

ஸ்ரேபிள்சைக் ‘கனவான் நாடோடி’ என்று அழைத்தார்கள். அந்தப் பட்டத்தில் கனவான் ஆக்குகிற பகுதி எது என்று பாருங்கள். றோட்டில் போவது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தன்னுடைய சக்கரத்தைத் தானே கழுவ வேண்டியவர் நாடோடி. இன்னொருவர் கழுவித் தருகிறவர் கனவான்.

மோட்டார் வந்த பிறகும் இது மாறவில்லை. 1910 இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த கார்க் கண்காட்சியில் பியர்ஸ் அரோ கொம்பனி ஒரு பயண வண்டியைக் காட்டியது. பின் ஆசனம் கட்டிலாகும். சாரதியின் ஆசன முதுகிலிருந்து மடித்து இறக்கும் கை கழுவும் தொட்டி. மலசட்டி. முன்னால் இருக்கிற சாரதியோடு கதைக்க ஒரு தொலைபேசி. அமெரிக்காவின் முதல் மோட்டார்ஹோம்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். அந்தத் தொலைபேசிக் கம்பியின் அடுத்த முனையில் இருந்தவர்தான் அந்த வண்டியின் சேற்றையும் கழுவினவர். அந்தக் காலத்தில் சாரதி என்றால் ஓட்டுவது, திருத்துவது, கழுவுவது மூன்றும் சேர்ந்த தொழில். தார் போடாத அமெரிக்க றோட்டுகளில் மூன்றாவது வேலைதான் கூட நேரம் பிடித்திருக்கும்.

அதற்குப் பின் ஹென்றி ஃபோர்ட், தோமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகிய பணக்காரர்களும் இயற்கை எழுத்தாளர் ஜோன் பரோசும் சேர்ந்து வருசா வருசம் காட்டுப் பக்கம் முகாமடிக்கப் போனார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்த பெயர் ‘நாடோடிகள்’. இந்த நாடோடிகளுக்குச் சமையல் வாகனம் தனியாக, சமையற்காரர் தனியாக, கூடாரம் அடிக்கிற ஆட்கள் தனியாக. புகைப்படங்களில் நால்வரும் மரத்தடியில் இருப்பார்கள். வாகனங்கள் பின்னால் நிற்கும். அவற்றைக் கழுவியவர்களைத் தேடினால் கிடைக்காது.

தகரப்பேணிக்காரர்

முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஃபோர்டின் மலிவுக் கார்கள் சாதாரண ஆட்கள் கையிலும் வந்தன. பணியாள் இல்லாதவர்களும் காரில் கூடாரம் கட்டிக்கொண்டு பயணம் கிளம்பினார்கள். 1919 இல் புளோரிடாவின் தம்பா நகரில் இவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். பேணியில் அடைத்த சாப்பாட்டை உண்டு பயணிப்பதால் ‘தகரப்பேணிச் சுற்றுலாக்காரர்’ என்று பெயர். ஒருவரை ஒருவர் அடையாளம் காண, காரின் ரேடியேற்றர் மூடியில் ஒரு தகரப்பேணியை ஒட்டிவைத்தார்கள்.

முதலில் ஊர்கள் இவர்களை வரவேற்றன. நகரசபைகள் இலவச முகாம் திடல்களைத் திறந்தன. பயணிகள் ஊர்க் கடைகளில் காசு செலவழிப்பார்கள் என்ற கணக்கு. சில வருசங்களில் முணுமுணுப்புத் தொடங்கியது. ஊத்தைக் கார்கள், ஊத்தை உடுப்பு, நாள்கணக்கில் போகாமல் நிற்கிறார்கள், வேலை தேடி வந்தவர்களாம். 1920களின் நடுப்பகுதியில் பல ஊர்கள் திடலுக்குக் கட்டணம் வைத்தன, தங்கும் நாளுக்கு எல்லை போட்டன. சுத்தம், சுகாதாரம் என்று காரணம் சொன்னாலும், ஏழைகள் வரக்கூடாது என்பதும் அதற்குள் இருந்தது. முகாம் வாழ்வின் வரலாற்றை எழுதிய வோரன் பெலாஸ்கோ இந்தத் திருப்பத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

வெளிப்புறம் சுத்தமாக இருப்பது இந்த இடத்தில் ஒரு அனுமதிச் சீட்டாக மாறுகிறது. பணியாள் இல்லாதவன் தன் வண்டியைத் தானே மினுக்கிக் காட்டி, நான் மரியாதையான ஆள் என்று நிரூபிக்க வேண்டும்.

கை நீண்ட கதை

1958 இல் மிச்சிகன் மாநிலத்தில் றேமண்ட் ஃபிராங்க் என்பவர் தன் குடும்பத்துக்கென்று ஒரு சக்கர வீடு கட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் ‘மோட்டார் ஹோம்’. 1961 முதல் விற்பனைக்கும் செய்தார். 1966 இல் அயோவா மாநிலத்தின் ஃபொரஸ்ட் சிற்றியில் வினபேகோ கொம்பனி தொழிற்சாலை முறையில் மலிவாக மோட்டார்ஹோம் செய்யத் தொடங்கியது. பணியாள், சாரதி எல்லோரும் கதையிலிருந்து மறைகிறார்கள். வீட்டுக்காரர்தான் இப்போது ஓட்டுநர், கழுவுநர் எல்லாம்.

கழுவுகிற ஆள் மாறியதும் கழுவும் வேலையின் உருவமும் மாறத் தொடங்கியது. ஃபிராங்கின் வண்டி 1960களின் நடுவில் கண்ணாடியிழை உடலுக்கு மாறியது. பொருத்துகள் குறைந்த வளைந்த உடல், ஊத்தை ஒதுங்க மூலை குறைவு. பல வண்டிகளின் முதுகில் கூரைக்கு ஏற நிரந்தர ஏணி வந்தது. நீட்டி மடக்கும் குழாய்ப் பிடியில் பிரஷ் வந்தது. உயரத்துக்கு ஏறப் பயந்தவரின் கை, குழாய் அளவுக்கு நீண்டது.

இன்னொரு நீண்ட கை தண்ணீர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் ஓஃபெல்ட் என்பவர் நீராவியால் கிரீஸ் கழுவும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1950 இல் ஜேர்மனியின் அல்பிரட் கேர்ஷர், ஐரோப்பாவின் முதல் சுடுநீர் அழுத்தக் கழுவியை வெளியிட்டார். போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்க இராணுவத்தின் நீராவிக் கழுவிகளைத் திருத்தியபோது பிடிபட்ட யோசனை அது. 1984 இல் அதே கொம்பனி வீட்டில் பாவிக்கக்கூடிய, தூக்கிக்கொண்டு போகக்கூடிய கழுவியைக் கொண்டுவந்தது. சில்லுக்குப் பின்னால், அடிச்சட்டத்துக்கு மேலே, படுத்தும் எட்டாத இடமெல்லாம் தண்ணீர் எட்டியது.

ஆனால் இயந்திரத்துக்குக் கையின் அறிவு இல்லை. விளிம்புப் பசையில் நேரே பீச்சினால் பசையைப் பிய்த்துக்கொண்டு போகும். சல்லடைக்குள் பீச்சினால் சுவாலைக் குழாய் நனையும். ஒட்டியிருக்கிற படங்கள் உரியும். தானியங்கிக் கார் கழுவும் நிலையங்களில் இந்த வண்டிகளின் உயரமே நுழையாது. லொறி கழுவும் இடத்தில் சுழல்கிற பெரிய பிரஷ், கூரை யன்னலைக் கழற்றி எறிந்துவிடும். ஜேர்மனியில் பல ஊர்களில் வீட்டு வாசல் றோட்டில் வாகனம் கழுவவே தடை. எண்ணெயும் சவர்க்காரமும் மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் போகும் என்பதால். அனுமதித்த கழுவும் தளத்துக்குக் கொண்டுபோய், ஏணி வைத்து, கையால்தான் கழுவ வேண்டும். நூறு வருச முன்னேற்றத்துக்குப் பிறகும் கூரை யன்னலின் விளிம்புக்கு மெல்லிய பிரஷும் ஒரு மனிசரும்தான் தேவை.

ஒரே ஊத்தை, இரண்டு பெயர்

சக்கர வீட்டில் விடுமுறை போவது கௌரவமாக வளர்ந்த அதே காலத்தில், சக்கர வீட்டில் வாழ்வது குற்றமாகிக்கொண்டு வந்தது.

இங்கிலாந்தில் ரோமாக்களுக்கு எதிரான சட்டம் 1530 இலேயே வந்துவிட்டது. நவீன காலத்தில், 1960 ஆம் ஆண்டுக் கரவன் சட்டத்தால் அவர்கள் காலகாலமாகத் தரித்த பல இடங்கள் மூடப்பட்டன. 1968 இல் வந்த சட்டம், உள்ளூராட்சி சபைகள் அவர்களுக்குத் தரிப்பிடம் கொடுக்க வேண்டும் என்றது. 1994 இல் அந்தக் கடமையை நீக்கினார்கள். 2022 இல் வந்த பொலிஸ் சட்டம், அனுமதியில்லாத காணியில் வாகனத்தோடு குடியிருப்பதைச் சில நிலைமைகளில் குற்றமாகவே ஆக்கியது. தரிக்க இடமில்லை என்றால் தண்ணிக் குழாயும் இல்லை, கழிவு ஊற்ற இடமும் இல்லை. முதலில் தண்ணியைப் பறித்துவிட்டு, பிறகு ஊத்தை என்று சொல்வது பழைய தந்திரம்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் வாகனத்தைக் குடியிருப்பாகப் பாவிப்பதை 1983 இல் தடை செய்தது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தச் சட்டம் தெளிவில்லாதது என்று தள்ளுபடி செய்தது. அந்தச் சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் மோட்டார்ஹோமில் ஊர் சுற்ற வந்தவரையும் பிடிக்கலாம். நடைமுறையில் பிடித்தது வீடற்றவர்களை மட்டும்தான் என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டின் சுவரிலும் அதே கறுத்த கோடு. ஒன்று புதுசு, மற்றது இருபது வருசப் பழசு. புதிய வண்டியின் ஊத்தை ‘நீண்ட பயணத்தின் அடையாளம்’. பழைய வண்டியின் ஊத்தை ‘பொலிசுக்கு அறிவிக்க வேண்டிய விசயம்’. 2008 இன் பொருளாதார வீழ்ச்சியில் வீடிழந்து, வண்டிகளில் வாழத் தொடங்கிய வயதான அமெரிக்கர்களைப் பற்றி ஜெசிக்கா புருடர் 2017 இல் ‘நோமட்லாண்ட்’ என்ற நூலை எழுதினார். 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது அதை வைத்து எடுத்த படம்தான். அவர்களில் பலர் அமேசன் களஞ்சியங்களில் பருவகால வேலை செய்தார்கள். இன்னும் பலர் முகாம் திடல்களில் வேலை எடுத்தார்கள். அங்கே மலசலகூடம் கழுவுவதும் அவர்களின் கடமை. விடுமுறைக்கு வந்தவர்களின் ஊத்தையை, வேறு வீடில்லாமல் அதே மாதிரி வண்டியில் வாழ்பவர்கள் கழுவுகிறார்கள். 1885 இன் பணியாள் திரும்பி வந்துவிட்டார். இந்த முறை அவரிடமும் ஒரு வண்டி இருக்கு.

திரும்பி வந்த கை

கொரோனா காலத்தில் விமானமும் ஹோட்டலும் அடைபட, எல்லோருக்கும் திரும்பவும் சக்கர வீட்டில் ஆசை வந்தது. 2020 இல் ஜேர்மனியில் மட்டும் புதிதாகப் பதிவான மோட்டார்ஹோம்கள் 70,000 ஐத் தாண்டின. அமெரிக்காவில் 2021 இல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய சக்கர வீடுகள், கரவன்களையும் சேர்த்து, 6 லட்சத்துக்கும் மேல். வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். வாடகைக்கு எடுப்பவர் கூரைக்கு ஏறத் தேவையில்லை. ஒரு கிழமை ஓட்டிவிட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு கூரைக்கு ஏறுகிறது எங்கட அண்ணாவைப் போல ஒராள்.

எங்கள் ஊர் லொறிகளில் இந்தக் கைக்கு ஒரு பெயராவது இருக்கு. சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிற பொடியனைக் ‘கிளீனர்’ என்கிறோம். அவன் சாமான் ஏற்றுவான், சில்லுக்குக் கட்டை வைப்பான், பின்பக்கம் தட்டி வழி சொல்லுவான், கூடாரச் சீலை இழுத்துக் கட்டுவான். இத்தனை வேலை செய்தாலும் பெயர் என்னவோ கழுவுகிற வேலையில்தான். பிரித்தானிய நீராவி ரயில்களிலும் இதே சொல் இருந்தது. எஞ்சின் கிளீனர்தான் அடிமட்டம். எஞ்சினின் சட்டத்துக்குள் ஊர்ந்து போய், கை எட்டாத இடத்துக் கிரீசை வழித்தெடுக்கிற இளவயதுப் பொடியன்கள். அங்கிருந்து கரி போடுகிறவர், பிறகு சாரதி என்று ஏற வேண்டும். எங்கட லொறிக் கிளீனரும் என்றைக்கோ ஸ்ரேறிங் பிடிப்பேன் என்ற நினைப்பில்தான் சில்லுக் கழுவுகிறான். அந்த ஏணியில் அடுத்த படி இருந்தது. அண்ணா நிற்கிற ஏணியில் கூரைக்கு மேல் படியில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எல்லாம் சரி. ஒண்டு மட்டும் விட்டிட்டாய்.”

“என்ன?”

“ஏணியை நட்டு வைக்கிற இடத்தை முதல் பாக்க வேணும். ஈரமெண்டால் வழுக்கும். பக்கத்தில ஒராள் பிடிச்சால் நல்லது. எங்களுக்கு அந்த ஒராளைத்தான் தரமாட்டினமாம், செலவாம். எழுதிறதெண்டால் அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.